வட சென்னைக் கல்லூரிகளுக்கு யார் கொடுப்பது?

2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, பிரகாசம் சாலையில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அன்று தமிழ்நாட்டு முதல்வராக இருந்த ஸ்டாலினோடு அன்றைய டெல்லி முதல்வர் கேஜ்ரிவாலும் வந்திருந்தார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் நேராக அவளுடைய வங்கிக் கணக்குக்குப் போகும். 1989இல் திருமண உதவியாகத் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், கல்லூரிப் படிப்புக்கான உதவியாக அன்று உருமாறியது. தாலிக்குத் தங்கம் கொடுத்த பணம் பட்டத்துக்குப் போனது. தமிழ்நாட்டின் சமூகநல வரலாற்றில் மிகச் சரியான முடிவுகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

தொடக்க விழாவுக்கு இந்தக் கல்லூரி பொருத்தமான இடம். 1964இல் தொடங்கிய இந்த அரசுக் கல்லூரியில்தான் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பெண் பிள்ளைகள் மூன்று தலைமுறையாகப் படிக்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் அவர்களில் ஏராளம். திட்டத்தின் பணம் அந்த மாணவிக்குப் போகிறது. அவளைப் போல ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து, பாடம் சொல்லி, தேர்வு எழுதவைத்து அனுப்பும் கல்லூரிக்கு, அந்த வேலைக்காகத் தனியாக என்ன கிடைக்கிறது? இந்தக் கட்டுரை கேட்பது அதைத்தான். தமிழ்நாட்டில் உயர்கல்விக்கான சமூகநீதிப் பணம் மாணவரோடு நடக்கிறது. கல்லூரிக்கு வரும் வளர்ச்சிப் பணம் மதிப்பெண்ணோடும் தரவரிசையோடும் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஏழைப் பிள்ளைகள் அதிகம் கூடும் கல்லூரி கைவிடப்பட்டு நிற்கிறது.

வட சென்னையில் இந்தச் சுமையைத் தாங்கும் கல்லூரிகள் அதிகமில்லை. பாரதியைத் தவிர்த்தால் வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, 1950இல் கல்லூரியான பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, மிக அண்மையில் வந்த ஆர்.கே. நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி. இவற்றில் தியாகராயா அரசு உதவி பெறுவது. மற்றவை அரசுக் கல்லூரிகள். வடக்கே போனால் பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி. நெடுங்காலமாக எண்ணூர், கத்திவாக்கம் பிள்ளைகள் அரசுக் கல்லூரி வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டி லைனில் ரயிலேறி வடக்கே பொன்னேரிக்கோ தெற்கே ஊருக்குள்ளோ போய்வந்தார்கள். பஸ்ஸில் என்றால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து வர வேண்டும். முதல் பீரியட் போய்விடும்.

இந்தப் பட்டையில் தொழிலுக்குக் குறைவு என்றுமே இருந்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856இல் ராயபுரத்தில் திறந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் 1948இல் வந்தது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அறுபதுகளில் மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம். நாட்டுக்குத் தேவையான மின்சாரமும் டீசலும் உரமும் டயரும் லாரியும் இங்கிருந்து போயின. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் இந்தத் தொழில் வளத்தின் மறுபக்கம். கம்பெனியில் அப்பாவுக்கு நிரந்தர வேலை இருந்த குடும்பங்களில் பிள்ளைக்கு இப்போது அதே வாசலில் காண்ட்ராக்ட் வேலைதான். பெரம்பூரில் பின்னி மில் 1996இல் மூடிய பிறகு அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்த வாசலும் இல்லை. இதிலிருந்தெல்லாம் வெளியே போகப் பட்டப்படிப்புதான் ஒரே வழி என்று நம்பித்தான் இங்கே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள்.

மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டின் கணக்கு தனி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு கரையில் நிற்கும். வலை பின்னுவார்கள், இன்ஜின் இறக்குவார்கள், கடன் வாங்குவார்கள். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். குடும்பம் மொத்தமும் இரண்டு மாதம் அதில்தான் ஓட வேண்டும். அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவது மே மாதம், கலந்தாய்வு நடப்பதும் பணம் கட்டுவதும் ஜூன். வீட்டில் ஒரு பைசா வரும்படி இல்லாத அதே வாரங்களில் பிள்ளைக்குக் கல்லூரிச் செலவு வருகிறது. கல்விக் கட்டணம் இல்லைதான். இளநிலைப் படிப்புக்கு அரசுக் கல்லூரிகளில் 2007-08இலேயே அதை நீக்கிவிட்டார்கள். சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், இரண்டு செட் நல்ல உடை, ஒரு போன் என்று வரும்போது சில ஆயிரம் ஆகிவிடுகிறது. மீனவக் குடும்பத்துக்கு அது ஏலக்காரரிடம் வாங்கும் முன்பணம். கடலுக்குப் போனதும் மீனாகக் கழியும்.

மாணவரோடு நடக்கும் பணத்துக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது அழுத்தம் கொடுத்துப் பெற்றது பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. 1944இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அதில் ஒன்றிய அரசின் பங்கு பல ஆண்டுகளாகச் சுருங்கி, மாநிலங்கள் திணறிய பிறகு, 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 60:40 என்று பங்கை மாற்றியது. ஐந்தாண்டுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். தமிழ்நாடு தன் பங்குக்குப் பல அடுக்குகளைச் சேர்த்தது. 2010-11இல் தொழிற்கல்விக்கு முதல் பட்டதாரிச் சலுகை. 2012இல் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் ஆணை. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. அடுத்த ஆண்டு அது பொறியியல் முதலியவற்றுக்கும் வந்தது. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்கும் அதே உதவியைத் தரும் தமிழ்ப் புதல்வன். அந்த ஆண்டுக் கடைசியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் புதுமைப்பெண் நீண்டது.

இவை வீண் போகவில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. அந்த ஏணியில் கடைசியாக ஏறியவர்களில் வட சென்னைப் பிள்ளைகள் பலர். ஏறிவந்தவர்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் இனிப் பேச வேண்டியது.

ஜூலை, ஆகஸ்டில் இப்படிப்பட்ட கல்லூரி ஒன்றின் அலுவலக ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்கள். கையில் பிளாஸ்டிக் கவரோடு வரிசை. கவருக்குள் சாதிச் சான்று, வருமானச் சான்று, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ், ஆதார், ரேஷன் கார்டு. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும், இணையதளம் ஏற்காது. கணக்கோடு ஆதார் இணைப்பு ஆகவில்லை என்று திரும்பும். பேங்குக்குப் போனால் நாளை வரச் சொல்வார்கள். இ-சேவை மையத்தில் சர்வர் இல்லை. வருமானச் சான்றுக்கு அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு வர வேண்டும். இத்தனையையும் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவர் ஒரு எழுத்தர், அல்லது பாடம் நடத்தும் நேரத்தை விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆசிரியர். உதவித்தொகை மாணவர் அதிகமுள்ள கல்லூரிக்கு இந்த வேலை அதிகம். அதற்கென்று கூடுதல் எழுத்தர் பணியிடம் வருவதில்லை. ஏழை மாணவரைச் சேர்க்கச் சேர்க்கக் கல்லூரியின் வேலை கூடுகிறது, கை கூடுவதில்லை.

வகுப்பறைக்குள்ளும் இதே கதைதான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் இயற்பியல் படித்த மாணவி பி.எஸ்சி. முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறாள். அவளுக்கு அறிவில் குறையில்லை. இரண்டு மாதம் கைபிடித்து நடத்த ஒருவர் வேண்டும். மாலை ஷிப்டில் படிக்கும் பையன் விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டோ, இரவெல்லாம் குடோனில் லோடு ஏற்றிவிட்டோ வருகிறான். வருகைப் பதிவு குறைகிறது, அரியர் ஏறுகிறது. மூன்றாம் செமஸ்டரில் காணாமல் போகிறான். அவனைத் தேடி வீட்டுக்குப் போக, வேலை நேரத்துக்கு ஏற்ப வகுப்பை மாற்றித் தர, விட்டுப்போன பாடத்தை ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தர ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், அறையும் விளக்கும் வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரியை உருவாக்குவது, பட்டதாரி வீட்டுப் பிள்ளையைப் பட்டதாரியாக்குவதைவிடச் செலவு அதிகமான வேலை. நம் மானிய முறை இந்தச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

கல்லூரிக்குப் பணம் எந்த வழியில் வருகிறது? அரசுக் கல்லூரி என்றால் மாநில அரசின் சம்பளப் பட்டியலும் பொதுப்பணித் துறைக் கட்டடமும். உதவி பெறும் கல்லூரி என்றால் ஏற்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பள மானியம். தொண்ணூறுகளுக்குப் பின் புதிய பாடப்பிரிவுகளுக்கு அந்த மானியம் பெரும்பாலும் கிடையாது. அவை சுயநிதிப் பிரிவுகளாகவே வளர்ந்தன. ஒரே வளாகத்தில் ஒரு வகுப்பு அரசுச் சம்பளத்தில், பக்கத்து வகுப்பு மாணவர் கட்டும் கட்டணத்தில். 2025 அக்டோபரில் உதவி பெறும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழிசெய்த சட்டத் திருத்தம் வந்தபோது ஆசிரியர்களும் மாணவர் அமைப்புகளும் கொதித்தெழுந்தார்கள், அரசு பின்வாங்கியது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் உதவி பெறும் கல்லூரி கை மாறினால் அந்தத் தெருவில் அதற்கு மாற்று கிடையாது.

வளர்ச்சிப் பணம் டெல்லியிலிருந்து வருவது. அதற்கு முதலில் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின் கீழ் அங்கீகாரம் வேண்டும். புதிய அரசுக் கல்லூரிக்கு நிரந்தர இணைப்பு, சொந்தக் கட்டடம், நிரந்தர ஆசிரியர் எல்லாம் ஆன பிறகே அது நடக்கும்; அதாவது பணம் அதிகம் தேவைப்படும் தொடக்க ஆண்டுகளில் பணம் கிடையாது. 2013இல் வந்த ரூசா என்ற ஒன்றிய அரசின் உயர்கல்வித் திட்டம் தேர்ந்தெடுத்த கல்லூரிக்கு 2 கோடி ரூபாய் கொடுத்தது. புதுக் கட்டடத்துக்கு 35 விழுக்காடு, பழுதுபார்க்க 35, கருவிகளுக்கு 30. ஆட்களுக்கு அதில் இடமில்லை. கட்டடம் வரும், அதில் மாணவரோடு உட்கார ஒருவர் வரமாட்டார். 2023இல் அது பி.எம்.-உஷா என்று பெயர் மாறி, மூன்றாண்டுக்கு 12,926 கோடி ரூபாயோடு வந்தது. அதில் சேர மாநிலம் புதிய கல்விக் கொள்கையை ஏற்று ஒப்பந்தம் போட வேண்டும். பள்ளிக் கல்வியில் இதேபோன்ற ஒப்பந்தத்துக்குத் தமிழ்நாடு இணங்காததால் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி நிறுத்தப்பட்டதை நாம் பார்த்தோம். கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெளிவான கருத்து உண்டு, மாநிலத்தின் பக்கம்தான். ஆனால் வியாசர்பாடி மாணவரின் ஆய்வகம் அந்தச் சண்டை தீரும்வரை காத்திருக்கக் கூடாது. மறுக்கப்படும் பணத்தின் இடத்தில் மாநிலம் தன் பணத்தை வைக்க வேண்டும்.

நாக் தர மதிப்பீடு, என்.ஐ.ஆர்.எஃப். தேசியத் தரவரிசை என்ற, வளர்ச்சிப் பணத்துக்குப் போகும் இரண்டு வாசல்களும் இந்தக் கல்லூரிகளுக்குக் குறுகியவை. தரவரிசையில் நூற்றுக்குப் பத்து, எல்லோரையும் உள்ளடக்குவதற்கு. ஆனால் அந்தப் பத்துக்குள் ஒரு பகுதி, வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்பதற்குப் போகிறது. திருவொற்றியூர் மீன் வியாபாரியின் மகள், கொடுங்கையூர்க் குப்பை பிரிப்பவரின் மகன், எண்ணூர் உப்பளத் தொழிலாளியின் பேத்தி என்று ஒரு வகுப்பே இருந்தால் அதற்குப் பன்மைத்தன்மை மதிப்பெண் குறையும். டெல்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வசதியான பிள்ளைகள் வந்து சேரும் கல்லூரிக்குக் கூடும். தான் இருக்கும் தெருவுக்குப் பாடம் சொல்வது குறையாகக் கணக்கிடப்படுகிறது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுலபமாகப் போகக்கூடிய பெயர்பெற்ற கல்லூரிகள் மேலே ஏற, மற்றவை கீழேயே இருக்கின்றன.

ஆசிரியர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் என்பது கடைசியில் ஆசிரியர்தான். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் பாதிச் சுமையைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று சொன்னது. இங்கே அவர்களுக்குக் கிடைப்பது மாதம் 25,000. அந்த நிலைக்கு வரவே பல போராட்டம். ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் சம்பளம். மே மாதம் இல்லை. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தேர்வு தள்ளிக்கொண்டே போனது. முதல் தலைமுறை மாணவருக்கு மிக அதிகம் தேவைப்படுவது நிலையான ஒரு முகம். மூன்றாண்டும் அதே ஆசிரியர், தன் வீட்டு நிலவரம் தெரிந்தவர், பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடியவர். அவரே அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாமல் இருந்தால் மாணவரை எப்படித் தேற்றுவார்? இப்படிப்பட்டவர்கள் தம் பையிலிருந்து மாணவருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள் என்பது வட சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பத்திரிகைகளுக்கு இந்தக் கல்லூரிகள் என்றால் பஸ் டே ரகளை, ரூட்டு தல சண்டை, கத்தி. ஆசிரியர் கட்டும் அந்தக் கட்டணம் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

சரி, பின்தங்கிய இடங்களுக்கென்று தனி நிதி நாட்டில் கிடையாதா? உண்டு. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மானியக் குழு 374 மாவட்டங்களைக் கல்வியில் பின்தங்கியவை என்று அடையாளம் கண்டது. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி சேர்க்கை விகிதம் நாட்டுச் சராசரியான 12.4க்குக் கீழே இருந்த மாவட்டங்கள் அவை. அங்கே மாதிரிக் கல்லூரிகளுக்குப் பணம் கிடைத்தது. பி.எம்.-உஷாவும் குறைந்த சேர்க்கை, பாலின விகிதம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகை முதலியவற்றைப் பார்த்துக் கவன மாவட்டங்களைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டிலும் அளவுகோல் மாவட்டம். மாவட்டம் என்று எடுத்தால் சென்னை எப்போதும் முன்னேறிய மாவட்டம். அடையாறும் அண்ணா நகரும் மயிலாப்பூரும் சேர்ந்து எண்ணூரின் எண்ணை மறைத்துவிடும்.

இதில் நடந்த ஒரு மாற்றத்தை அதிகம் பேர் கவனிக்கவில்லை. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆனால் வருவாய்க் கணக்கில் அவை திருவள்ளூர் மாவட்டமாகவே இருந்தன. 2018இல் சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது திருவொற்றியூர் வட்டமும் உள்ளே வந்தது. ஒரே நாளில் அங்கிருக்கும் பிள்ளைகள், புள்ளிவிவரத்தில், நாட்டின் மிகவும் படித்த மாவட்டங்களில் ஒன்றின் குடிகளானார்கள். தெருவில் ஒன்றும் மாறவில்லை.

கடல் தாண்டிப் பார்த்தால் இதே சிக்கல் கொழும்பில் இருக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் 40 விழுக்காடு நாடு தழுவிய தகுதி, 55 விழுக்காடு மாவட்ட ஒதுக்கீடு, 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி பகுதிகளில் குடிசையில் வளரும் தமிழ்ப் பிள்ளை கொழும்பு மாவட்டக் கணக்கில் வருகிறது; நகரத்தின் பெரிய பள்ளிகளோடு மோதித்தான் வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். துறைமுக நகரத்தின் ஏழைகளை மாவட்டச் சராசரி எப்போதும் விழுங்கிவிடுகிறது. ராயபுரமும் கொட்டாஞ்சேனையும் ஒரே கணக்குப் பிழைக்கு ஆளாகி நிற்கின்றன.

அமெரிக்கா இந்த விஷயத்தில் வேறொரு வழியைப் பிடித்தது. அதை நம் ஆட்கள் கவனமாகப் படிக்க வேண்டும், வெற்றியையும் தோல்வியையும் சேர்த்து. லத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவர்கள் பெரும்பாலும் சில கல்லூரிகளில்தான் குவிகிறார்கள், அந்தக் கல்லூரிகள் ஒரு மாணவருக்குச் செலவழிக்கும் தொகை மற்றவற்றைவிடக் குறைவு என்று கண்டு, 1986இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் அந்தக் கல்லூரிகளின் கூட்டமைப்பு உருவானது. 1992இல் உயர்கல்விச் சட்டத்தில் அவற்றுக்கு இடம் கிடைத்தது; 1998இல் தனி அத்தியாயமே எழுதப்பட்டது. நான்கில் ஒரு பங்கு மாணவர் அந்தச் சமூகத்தவராக இருக்க வேண்டும். தேவை அடிப்படையில் உதவி பெறுவோர் அதிகமாக இருக்க வேண்டும். கல்லூரியின் செலவுத் திறன் சராசரிக்குக் கீழே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கல்லூரி போட்டி போட்டு ஐந்தாண்டு மானியம் பெறலாம். ஆய்வகம், நூலகம், ஆசிரியர் பயிற்சி, தனிப் பயிற்சி வகுப்பு, ஆலோசனை, கல்லூரியின் சொந்த அறக்கட்டளை நிதிவரை அதில் செலவழிக்கலாம். மாணவருக்கான உதவித்தொகை வேறு வழியில் போகும். இது கல்லூரியின் முதுகெலும்புக்கு. அந்தத் தகுதி பெற்ற கல்லூரிகள் இன்று அறுநூறை ஒட்டி இருக்கின்றன.

அதன் குறையும் தெரிந்ததே. எண்ணிக்கை 25 விழுக்காட்டைத் தொட்டால் போதும் என்றானதும், பக்கத்து ஊர்களின் மக்கள்தொகை மாறியதாலேயே பல பெரிய பல்கலைக்கழகங்கள் தகுதி பெற்றன. சேர்ப்பதும் கரையேற்றுவதும் ஒன்றல்ல என்ற விமர்சனம் அங்கே பலமாக எழுந்தது. பெரிய குறை 2025இல் வெளிப்பட்டது. இனத்தை அளவுகோலாக வைத்த மானியம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று டென்னசி மாநிலம் ஜூனில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே நீதித்துறை அமைச்சகம் அந்தத் திட்டத்தைக் காப்பாற்றி வாதாடப் போவதில்லை என்றது. செப்டம்பரில் கல்வித்துறை சிறுபான்மையினர் பயிலும் கல்லூரிகளுக்கான ஏறத்தாழ 350 மில்லியன் டாலர் மானியத்தை நிறுத்தியது. ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவில் ஆசிரியரை வேலைக்கு வைத்த கல்லூரிகள் விழித்து நின்றன.

இந்த இடத்தில் நமக்கு ஒரு நல்ல பாடம் சொந்த மண்ணிலேயே இருக்கிறது. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தெருவில் இறங்கிப் போராடினோம், ஜூனிலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) உட்பிரிவு பிறந்தது. அதனால் இந்தியாவில் சமூக, கல்வி நிலையில் பின்தங்கியோருக்கான சிறப்பு ஏற்பாட்டுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இல்லாத பாதுகாப்பு நமக்கு உண்டு. அதை உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் பயன்படுத்தினோம். கல்லூரி மானியத்துக்குப் பயன்படுத்தவில்லை.

இங்கிலாந்தில் 2011இல் பள்ளிகளுக்கு வந்த ஏற்பாடு இன்னும் எளிமையானது. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள ஏழை மாணவர் எத்தனை பேர் சேர்கிறார்களோ, தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் பணம் பள்ளிக்கே போகும். அதை எப்படிச் செலவழித்தோம் என்று பள்ளி ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும். மாணவரை எண்ணி, பணத்தைப் பள்ளிக்குக் கொடுப்பது: நான் கேட்பதற்கு மிக நெருங்கி வருவது இதுதான்.

வட சென்னைக்கு இதை எப்படிப் பொருத்துவது? ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் உதவி பெறும் கல்லூரியிலும் முதல் தலைமுறை மாணவர், போஸ்ட் மெட்ரிக் உதவி பெறுவோர், புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் பயனாளிகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். இதற்குப் புதுக் கணக்கெடுப்பு தேவையில்லை. உதவித்தொகையும் மாதம் ஆயிரமும் அனுப்புவதற்காகவே யு.எம்.ஐ.எஸ். என்ற பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் இணையதளத்தில் மாணவர் விவரங்களைக் கல்லூரிகள் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கின்றன. அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப, தலைக்கு இவ்வளவு என்று, இப்போதுள்ள சம்பளச் செலவுக்கு மேல் ஒரு தனி மானியம் கல்லூரிக்குப் போகட்டும். அதில் பெரும்பகுதி ஆட்களுக்கு என்று விதி இருக்கட்டும்: உதவித்தொகை எழுத்தர், முதலாண்டுப் பாலப் பயிற்சிக்கு ஆசிரியர், மாணவரைத் தேடிப் போகும் ஆலோசகர், மாலையில் திறந்திருக்கும் நூலகத்துக்கு ஒருவர். தடைக்காலத்தில் சேரும் மீனவப் பிள்ளைகளின் கட்டணத்தைக் கல்லூரியே தள்ளிவைத்து ஆகஸ்டில் வாங்கிக்கொள்ள ஒரு சுழல் நிதி. மதிய உணவும். 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தொடங்கியது பள்ளியோடு நின்றுவிட்டது. காலையில் வேலை பார்த்துவிட்டு மாலை ஷிப்டுக்கு வரும் பதினெட்டு வயதுப் பையனுக்கும் பசிக்கும்.

எதிர்வாதங்கள் உண்டு. சேர்க்கையை மட்டும் எண்ணினால் கல்லூரிகள் சேர்த்துவிட்டுக் கைவிடும் என்பார்கள். அமெரிக்க அனுபவம் அதைத்தான் சொல்கிறது. அதனால் மூன்றாம் ஆண்டில் தங்கியிருப்போரை எண்ணியும் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். முழுப் பணத்தையும் தேர்ச்சியோடு கட்டுவதை ஏற்கமாட்டேன். அப்படிச் செய்தால் தேற வாய்ப்புள்ள மாணவரைத்தான் கல்லூரி தேடும், ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு வருபவனை வாசலிலேயே திருப்பி அனுப்பும். தனியார் கல்லூரிகளும் கேட்குமே என்பார்கள். கொடுக்கத் தேவையில்லை, கட்டணத்தை அரசிடமிருந்து ஏற்கெனவே வாங்குகிறவர்கள் அவர்கள். வட சென்னைக்கு மட்டும் தனிச் சலுகையா என்ற கேள்விக்கு, தலைக்கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும் என்பது பதில். தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் ஓசூரும் தத்தம் கணக்கில் வரட்டும். மாவட்டத்தைப் பார்க்காமல் வகுப்பறையைப் பார்க்கும் அளவுகோல் எங்கும் ஒன்றே.

பகுதியைத் தனியாகப் பார்ப்பது மாநில அரசுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் தங்க சாலையில் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டம் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது. தென்சென்னையோடு சேர்த்துச் சராசரி எடுக்காமல், வட சென்னைக்குத் தனிக் குறை இருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டு எடுத்த முயற்சி அது. சாலைக்கும் குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் ஏற்றுக்கொண்ட அதே நியாயத்தைக் கல்லூரியின் ஆண்டு மானியத்துக்கும் ஏற்கச் சொல்கிறேன். கட்டடம் ஒருமுறைச் செலவு. ஆசிரியர் ஆண்டுதோறும் செலவு. அரசுகள் முதலாவதை விரும்பும், இரண்டாவதைத் தள்ளிப்போடும். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கலாம், ஒரு ஆலோசகரின் ஜூலை மாதச் சம்பளத்துக்கு வைக்க முடியாது.

பணம் எங்கிருந்து என்று கேட்பவர்களுக்கு எண்ணூரிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கச் சொல்கிறது. தாம் இயங்கும் உள்ளூருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எண்ணூரிலிருந்து மணலிவரை எத்தனை பெரிய நிறுவனங்கள்! அவை பள்ளிக்குப் பெஞ்சும் ஸ்மார்ட் போர்டும் கொடுத்துப் படம் எடுப்பதைப் பார்க்கிறோம். அவை தனித்தனியாகக் கொடுக்காமல் ஒரே நிதியில் போட்டு, அதைத் தலைக்கணக்குப்படி வட சென்னைக் கல்லூரிகளுக்குப் பிரிக்கும் ஒரு பொறுப்புக் குழுவை உயர்கல்வித் துறை அமைக்கலாம். ஆசிரியரும் மாணவரும் மீனவ கிராமப் பிரதிநிதிகளும் அதில் இருக்க வேண்டும். இது அரசின் மானியத்துக்கு மேலே வரும் தொகை. அதற்கு மாற்று ஆகக் கூடாது. லாபம் குறைந்த ஆண்டில் நின்றுபோகும் பணத்தை நம்பி யாரும் ஆசிரியரை வைக்க முடியாது.

இதன் முதல் படி செலவில்லாதது. கல்லூரிவாரியாக முதல் தலைமுறை மாணவர் எத்தனை பேர், உதவித்தொகை பெறுவோர் எத்தனை பேர், நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், காலிப் பணியிடம் எத்தனை, மூன்றாம் ஆண்டுவரை வந்தவர் எத்தனை பேர் என்ற ஐந்து எண்களை உயர்கல்வித் துறை ஆண்டுதோறும் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். பாரதி, அம்பேத்கர், தியாகராயா, ஆர்.கே. நகர் என்று அடுத்தடுத்து அந்த எண்கள் அச்சில் வந்தால், அடுத்த நிதிநிலை அறிக்கை விவாதத்தில் வட சென்னையின் சட்டமன்ற உறுப்பினர்கள் எதை வைத்துக் கேட்பது என்று தேட வேண்டியிருக்காது.